காலி எடை

ஜெகதேவி சாலையில் எடை மேடை என்னுடையது.
என்னுடையது என்றால்,
முதலாளி பர்கூரில் தூங்குகிறார்,
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
அந்தக் கண்ணாடி அறைக்கும்
அதன் சிவப்பு எண்களுக்கும் நான் பொறுப்பு.

கருங்கல் ஏற்றிய லாரி வரும். மொத்த எடை.
இறக்கிவிட்டு வரும். காலி எடை.
கழித்தால் கல்.
பதினோரு வருடம் கழித்துக்கொண்டே இருந்தவளுக்கு
உடம்பில் மட்டும் கூட்டல்.

இரண்டு மணி டீ, மூன்று கரண்டி சர்க்கரை.
முனிரத்தினம் வண்டியோடு கொண்டுவரும் பரோட்டா,
"சூடா இருக்குக்கா."
சூடாக இருப்பதை மறுக்க எனக்கு வராது.
உடம்பு ஒரு துண்டையும் வீணாக்கவில்லை.
செலவு போக நின்றதையெல்லாம்
துளித்துளி எண்ணெயாக்கி
வயிற்றில், தொடையில், மேல்கையில்,
இடம் போதாமல் ஈரலிலும் ஒளித்துவைத்தது.
இந்தப் பக்கம் எத்தனை ஆவணி
மழையில்லாமல் போனது என்று அதற்கு ஞாபகம்.
வராத பஞ்சத்துக்குச் சேர்த்தது, பாவம்.

ஸ்கேன் பார்த்து
"ஈரல்ல கொழுப்பு" என்றார் டாக்டர் பர்வீன்.
எண்பத்துநாலு கிலோ.
அன்றிரவு வண்டி வராத நேரம்
நானே மேடையில் ஏறி நின்று
வெளித்திரையைத் திரும்பிப் பார்த்தேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு
பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
80 என்றது.
நாலு கிலோவை அது பார்க்கவேயில்லை.

சர்க்கரையை நிறுத்தினேன்.
பரோட்டாவுக்குப் பதில் களியும் கீரையும்.
முதல் வாரமே இரண்டு கிலோ.
ஓடிப்போய்ச் சொன்னேன். "அது தண்ணிம்மா."
எனக்குத் தெரியாததா?
ஈர எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்
மேடையில் நிற்கும்போதே ஒழுகும்.
ஒழுகுவதற்குள் போடச்சொல்லிக் கெஞ்சுவான் டிரைவர்.
ஒழுகிய தண்ணீரை
சரக்கு இறக்கியதாக எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை.

அப்புறம் மாதங்கள்.
முகம்தான் முதலில் கொடுத்தது.
"உடம்புக்கு என்ன?" என்று நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள்.
இடுப்பு இன்னும் கணக்கை முடிக்கவில்லை.
நடுவில் மூன்று வாரம்
தின்னாமல் தின்று, நடந்து, ஏறி,
நூறு கிராம்கூட அசையவில்லை.
அழுதேன். அதற்கும் எடை இருந்திருக்கும்.

"எட்டு கிலோவ எங்கக்கா இறக்கினீங்க?"
முனிரத்தினம் கேட்டான்.
டிரைவர் அப்படித்தான் கேட்பான்.
வேர்வை என்றேன். கரைந்தது என்றேன்.
எரிந்தது என்றால் சாம்பல் எங்கே?
டாக்டர் சிரித்தார்:
பத்து கிலோ கொழுப்பு போனால்
எட்டு கிலோவுக்கு மேல் மூச்சாகத்தான் போகுமாம்.
மீதி, தண்ணீராகி.

அப்படியென்றால்
காலை வேலை முடிந்து சையத் பாஷா மலைப் படியில்
கைப்பிடிச் சுவர் பிடித்து
நாய்போல் இரைத்த ஒவ்வொரு முறையும்
நான் இறக்கிக்கொண்டிருந்தேன்,
பில் இல்லாமல், கூலியாள் இல்லாமல்.
படியில் மட்டுமா,
கண்ணாடி அறையில் கொட்டாவி விட்டபோதும்.
காற்று அதை எங்கே கொண்டுபோனதோ.
கீழே எங்கும் மாந்தோப்பு, இலைக்கு அதுதான் சாப்பாடு.
என் தொடையில் கொஞ்சம் பெங்களூரா மாங்காயாகி
கூழாகி, டின்னில் அடைபட்டு
கப்பலேறியிருக்கலாம்.
எனக்கு இன்னும் பாஸ்போர்ட் இல்லை.

கொழுப்பு போனாலும் அது இருந்த அறைகள் இடிவதில்லையாம்.
சுருங்கி அப்படியே கிடக்குமாம்.
தெரியும், பார்க்கிறேனே தினமும்:
தார்ப்பாய் மடித்து, என்ஜின் அணைத்து
சாலையோரம் வரிசையாகக் காலி லாரிகள்,
யாராவது லோடு சொல்வார்களா என்று.
முனிரத்தினம் இன்னும் பரோட்டா கொண்டுவருகிறான்.
பாதி பிய்த்துக்கொள்கிறேன்.
சில இரவு முழுசும்.

நேற்று ஏறி நின்றேன். 70.
வீட்டுத் தராசில் எழுபத்துநாலரை.
போன வாரத்துக்கு அரைக் கிலோதான் குறைவு,
இரும்புக்கு அது பத்து.
இருக்கட்டும் என்று சீட்டு அடித்தேன்.
மொத்தம் 80. காலி 70. நிகரம் 10.
வண்டி எண்ணில் ஒரு கோடு.
சரக்கு என்ற கட்டத்தில்
என்ன எழுதுவது என்று பேனாவோடு நிற்கையில்
பின்னால் ஹாரன்.
"அக்கா, மேடைய விட்டு எறங்குங்க,
கல்லு நிக்குது."